செல்ஃப் எடுக்காத ஆட்டோமேட்டிக் வண்டி: நியூட்ரல் சேஃப்டி ஸ்விட்ச் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

சாவியைத் திருகினால் டாஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, ஹார்ன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் உடனே நியூட்ரல் சேஃப்டி ஸ்விட்ச் மீதுதான் சந்தேகம் விழும். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பேட்டரி முனையில் பூத்த உப்பு, தேய்ந்துபோன கேபிள் புஷ் (கியர் கேபிள் முனையில் உள்ள சிறு வளையம்), கெட்ட ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் ஸ்விட்ச்), பிரேக் பெடல் ஸ்விட்ச் என்று இன்னும் பல பழுதுகள் இதே அறிகுறியோடு வரும். நல்ல ஸ்விட்சைக் கழற்றி எறிவதுதான் இந்த வேலையில் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. புது ஸ்விட்சைச் சரியான நிலையில் வைக்காமல் போல்ட்டை முறுக்கிவிடுவது அடுத்த தவறு.

கீழே உள்ள வரிசை சீட்டில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய சோதனையில் தொடங்கி, வண்டிக்கு அடியில் போய்ச் செய்யும் வேலையில் முடிகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பேட்டரி சோர்ந்திருக்கும்போது எடுத்த வோல்ட் கணக்கை வைத்து ஸ்விட்சைக் குறை சொல்ல முடியாது. கேபிள் தளர்ந்திருக்கும்போது ஸ்விட்சைத் திருப்பி வைத்தால், பிறகு கேபிளைச் சரிசெய்யும் நாளில் ஸ்விட்ச் மறுபடி தவறிப்போகும்.

1. இந்த ஸ்விட்ச் என்ன செய்கிறது

வேலைக்குத் தேவையான அளவு மட்டும் தெரிந்துகொண்டால் போதும். கியர்பாக்ஸின் வெளிப்பக்கம், லீவர் கேபிள் வந்து சேரும் தண்டின் மேல் இந்த ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும். லீவரை நகர்த்தும்போது தண்டு சுழலும், அதோடு ஸ்விட்சின் உள்ளே இருக்கும் நகரும் காண்டாக்ட்டும் சுழலும். பார்க், நியூட்ரல் ஆகிய இரண்டு நிலைகளில் மட்டும் ஸ்டார்ட்டர் ரிலேக்கான சுற்று முழுமையாகும். மற்ற நிலைகளில் சுற்று அறுந்திருக்கும்.

பெரும்பாலான வண்டிகளில் அதே ஸ்விட்ச்தான் ரிவர்ஸ் விளக்கை எரிய வைக்கிறது, டாஷ்போர்டில் கியர் நிலையைக் காட்டுகிறது, கியர்பாக்ஸ் கணினிக்கும் தகவல் கொடுக்கிறது. ஒரு உறுப்பு நாலு வேலை செய்வதால், ஒரு வேலை கெட்டதா நாலும் கெட்டதா என்று பார்ப்பதே பாதித் துப்பறிதல்.

பெயர்கள் பலவாறு வரும்: இன்ஹிபிட்டர் ஸ்விட்ச், பார்க் நியூட்ரல் பொசிஷன் ஸ்விட்ச், டிரான்ஸ்மிஷன் ரேஞ்ச் சென்சார். உதிரிபாகம் கேட்கும்போது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள பெயரையும் பாக எண்ணையும் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்றை முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். சில புதிய கியர்பாக்ஸ்களில் இந்த சென்சார் வெளியே இருக்காது. ஆயில் பேனுக்கு மேலே, வால்வ் பாடியோடு (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) சேர்ந்து உள்ளே இருக்கும். அந்த வண்டிகளுக்கு இங்கே சொல்லும் 8-ஆம் படி வரை பொருந்தும். அதற்குப் பிறகு ஆயிலை இறக்கிச் செய்யும் வேலை. அதற்கு அந்த மாடலின் மேனுவல் கையில் இருக்க வேண்டும்.

2. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், 5 வாட் பல்பும் இரண்டு வயர்களும் சேர்த்துச் செய்த சோதனை விளக்கு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க நான்கு கட்டைகள், 10, 12, 14 மி.மீ. சாக்கெட்டுகள், சிறு டார்க் ரெஞ்ச், எலெக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனர், டைஎலெக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ், கீறி அடையாளம் வைக்க ஒரு கூர்முனைக் கம்பி. இவற்றோடு உங்கள் மாடலுக்கான வயரிங் படம். படம் இல்லாமல் கனெக்டரில் எந்தப் பின் எது என்று ஊகித்து வேலை செய்யாதீர்கள். அதே கனெக்டரில் கணினிக்குப் போகும் வயர்களும் இருக்கும். அவற்றில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் ஸ்விட்சைவிடப் பல மடங்கு விலையுள்ள பாகம் போய்விடும்.

வேலை முழுவதும் ஒருவர் உதவிக்கு இருப்பது நல்லது. மீட்டரைப் பிடிப்பவரும் சாவியைத் திருகுபவரும் வெவ்வேறு ஆளாக இருந்தால்தான் அளவீடு நிதானமாக வரும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை நான்கு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட வேண்டும். சாவியைத் திருகும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநரின் கால் பிரேக்கில் இருக்க வேண்டும், ஏனென்றால் நாம் சோதிப்பதே கியரில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பாகத்தைத்தான். அது வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அடியில் ஆள் இருக்கும்போது சாவியைத் தொடவே கூடாது. வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு வைக்க வேண்டும். சைலன்சர் பைப் பக்கத்தில் கை போகும் இடம் இது. இன்ஜின் ஆறிய பிறகே தொடங்குங்கள்.

3. அறிகுறியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

சாவியைத் திருகும்போது சரியாக என்ன நடக்கிறது என்று தாளில் எழுதுங்கள். ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற இரண்டு சொல்லுக்குள் குறைந்தது நாலு வேறு பழுதுகள் ஒளிந்திருக்கும்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை என்றால் இந்த ஸ்விட்சைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். பழுது பெட்ரோல் அல்லது இக்னிஷன் பக்கம். டக்கென்று ஒரு பெரிய சத்தம் ஸ்டார்ட்டர் மோட்டாரிலிருந்தே வந்து, பிறகு அமைதியானால் அப்போதும் ஸ்விட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது. பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள். டக் டக் டக்கென்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை.

எந்தச் சத்தமும் இல்லை, ஆனால் விளக்குகள் நன்றாக எரிகின்றன என்பதுதான் நமக்கு வேண்டிய அறிகுறி. அதோடு ரிவர்ஸ் விளக்கு எரியாதது, டாஷ்போர்டில் கியர் எழுத்து தவறாகவோ வெறுமையாகவோ காட்டுவது, வண்டி ஒரே கியரில் சிக்கி லிம்ப் மோடில் (பழுது கண்டதும் கணினி வைக்கும் தற்காப்பு நிலை) ஓடுவது இவற்றில் ஏதாவது சேர்ந்தால் ஸ்விட்ச் மீதான சந்தேகம் வலுக்கும்.

லீவர் பார்க்கிலிருந்து நகரவே மறுப்பது வேறு பழுது. அது ஷிப்ட் லாக். பிரேக் விளக்கு ஸ்விட்ச் அல்லது லீவர் அடியிலுள்ள சொலினாய்டு (கரண்ட் வந்தால் இழுக்கும் மின்காந்தம்) காரணமாக இருக்கும். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தான அறிகுறி டிரைவிலோ ரிவர்ஸிலோ செல்ஃப் எடுப்பது. அப்படி இருந்தால் அந்த வண்டியை யாரும் எடுக்காதபடி சாவியை வாங்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்விட்ச் நழுவியிருக்கலாம், உள்ளே உருகி ஒட்டியிருக்கலாம். அல்லது முன்பு யாரோ வயரை நேராக இணைத்து விட்டிருக்கலாம். அதையும் தேடிப் பாருங்கள்.

4. பேட்டரியும் முனைகளும்

சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. 12.2-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள். செல்ஃப் சுற்றும் நிலையில் உள்ள வண்டியானால், சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

விளக்குகளை எரியவிட்டு, மீட்டர் முள்ளை (அளக்கும் முனையை) முதலில் பேட்டரித் தண்டின் ஈயத்தில் வையுங்கள், பிறகு அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால் பழுது அங்கேயே இருக்கிறது. பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் கேபிள்களையும் கையால் அசைத்துப் பாருங்கள்.

இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கையும் இப்போதே கவனியுங்கள். சாவியை அடையாளம் காணாத வண்டி சில மாடல்களில் ஸ்டார்ட்டரையே தடுத்துவிடும். பட்டன் ஸ்டார்ட் வண்டியானால், பெடலை மிதிக்கும்போது பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெடல் சிக்னல் கிடைக்காவிட்டால் ஸ்விட்ச் எவ்வளவு நன்றாக இருந்தாலும் செல்ஃப் எடுக்காது.

5. லீவரை வைத்தே முதல் சோதனை

ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது. மற்ற எதையும்விட அதிகத் தகவல் தருவதும் இதுதான்.

பிரேக்கை மிதித்துக்கொண்டு பார்க்கில் சாவியைத் திருகுங்கள். எடுக்கவில்லையா? நியூட்ரலுக்கு மாற்றித் திருகுங்கள். நியூட்ரலில் எடுத்தால் பேட்டரி, ரிலே, ஸ்டார்ட்டர், இக்னிஷன் ஸ்விட்ச் அத்தனையும் நல்லவை என்று ஒரே வீச்சில் தெரிந்துவிடும். மிச்சம் இருப்பது மூன்றே: ஸ்விட்ச் நழுவியிருக்கிறது, கேபிள் நீண்டிருக்கிறது, அல்லது பார்க் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது.

அந்த மூன்றில் எது என்று அறிய, பார்க்கில் சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்தபடி லீவரை அதன் ஆட்டத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். கால் பிரேக்கிலேயே இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் தவறாமல் எடுத்தால் அது நிலை பிசகிய வேலை. ஸ்விட்ச் நன்றாக இருக்கலாம். ஒருமுறை ஒரு இடத்தில், மறுமுறை வேறு இடத்தில் என்று எடுத்தால் உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. பார்க்கில்தான் பெரும்பாலும் வண்டியை ஸ்டார்ட் செய்கிறோம் என்பதால் அந்தக் காண்டாக்ட்தான் முதலில் தேயும்.

இரண்டு நிலையிலும் எடுக்கவில்லை என்றால் ஸ்விட்ச் முழுதாகக் கெட்டிருக்கலாம், வேறு பழுதாகவும் இருக்கலாம். அடுத்த படிகள் அதைப் பிரித்துக் காட்டும்.

6. கேபிளையும் புஷ்களையும் பாருங்கள்

ஸ்விட்ச் லீவரைப் பார்ப்பதில்லை. கியர்பாக்ஸ் தண்டை மட்டுமே பார்க்கிறது. நடுவில் ஒரு கேபிள், அதன் இரு முனையிலும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் புஷ், நடுவே ஒரு பிடிப்பு. இவற்றில் எது தளர்ந்தாலும் லீவர் பார்க்கில் நிற்கும், தண்டு பார்க்குக்கு முன்னாலேயே நின்றுவிடும்.

உதவியாளர் இன்ஜின் ஓடாத நிலையில் லீவரை ஒவ்வொரு நிலையாக நகர்த்தட்டும். நீங்கள் தண்டில் உள்ள கையை (கேபிள் மாட்டியிருக்கும் சிறு நெம்புகோலை) பாருங்கள். லீவர் நகரத் தொடங்கியதும் அந்தக் கையும் நகர வேண்டும். லீவர் கொஞ்சம் போன பிறகே கை அசைந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் தண்டு கட்டென்று பள்ளத்தில் விழுவது கைக்குத் தெரியும். கேபிள் முனையைக் கழற்றிவிட்டு, தண்டைக் கையால் நியூட்ரலில் வைத்து, லீவரையும் நியூட்ரலில் வைத்தால் கேபிளின் கண் தண்டுக் கையின் குமிழில் இழுக்காமல் தள்ளாமல் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் முதலில் கேபிளைச் சரிக்கட்டுங்கள்.

கேபிளைக் கழற்றிய கணத்திலிருந்து உள்ளே இருக்கும் லீவர் வெறும் கைப்பிடிதான். அது பார்க்கில் இருந்தாலும் வண்டி உருளலாம். கட்டைகளை இன்னொரு முறை பாருங்கள்.

7. ரிலே சாக்கெட்டில் அளப்பது

அடியில் போகாமலே ஸ்விட்சின் வேலையை மேலிருந்து அளக்கும் இடம் இது. ஃபியூஸ் பெட்டியில் ஸ்டார்ட்டர் ரிலேயைக் கண்டுபிடியுங்கள். அதன் மேல் விரலை வைத்துப் பார்க்கில் சாவியைத் திருகச் சொல்லுங்கள். டிக்கென்று அடிக்கிறதா? அடித்தால், ஸ்விட்ச் ரிலே காயில் (ரிலேயின் உள்ளே உள்ள கம்பிச் சுருள்) சுற்றில் உள்ள பெரும்பாலான வண்டிகளில், ஸ்விட்ச் தன் கடமையை முடித்துவிட்டது. ரிலேயின் காண்டாக்ட், அங்கிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் வயர், ஸ்டார்ட்டர் சொலினாய்டு ஆகியவற்றைப் பாருங்கள்.

அடிக்கவில்லை என்றால், அதே பாக எண்ணுள்ள இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஹார்ன் ரிலே பல வண்டிகளில் அதே வகையாக இருக்கும். உருவம் ஒன்றுபோல் இருந்தால் போதாது. எண் ஒத்துப்போக வேண்டும்.

அப்போதும் இல்லையென்றால் ரிலேயைப் பிடுங்கி, சாக்கெட்டில் காயிலின் இரு முனைகளுக்கு இடையே மீட்டரை வையுங்கள். பல ரிலேக்களில் இவை 85, 86. சிலவற்றில் 1, 2. ரிலேயின் மேலே அச்சிட்ட படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சாவி ஸ்டார்ட் நிலையில் 12 வோல்ட் வந்தால் ஸ்விட்ச் மூடியிருக்கிறது, அதாவது சுற்றை முழுமையாக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எதுவும் வரவில்லை என்றால் எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது என்று பிரியுங்கள். கறுப்பு முள்ளை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து இரு முனைகளையும் தனித்தனியே தொட்டால் எதில் 12 வோல்ட் வருகிறது என்று தெரியும். சிவப்பு முள்ளை பாசிட்டிவில் வைத்துத் தொட்டால் எதில் எர்த் வருகிறது என்று தெரியும்.

இங்கேதான் வயரிங் படம் வேண்டும். சில வண்டிகளில் ஸ்விட்ச் 12 வோல்ட் பக்கம் இருக்கும். சிலவற்றில் எர்த் பக்கம். அறுந்த பக்கமும் ஸ்விட்ச் இருக்கும் பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் ஸ்விட்ச் மீது குற்றம் சொல்லலாம்.

ஒரு சறுக்கல் இருக்கிறது. ரிலே இல்லாமல் அளக்கும்போது சுற்றில் கரண்ட் ஏறக்குறைய ஓடுவதே இல்லை. துருப்பிடித்த, ஒரு மயிரிழை மட்டும் ஒட்டியிருக்கும் காண்டாக்ட்கூட மீட்டரில் 12 வோல்ட்டைக் காட்டிவிடும். ஸ்விட்ச் நேரடியாகக் காயில் சுற்றில் இருக்கும் வண்டியில் சாக்கெட்டின் அந்த இரு முனைகளுக்கு நடுவே 5 வாட் பல்பை வைத்துப் பாருங்கள். நன்றாக எரிந்தால் சுற்று உண்மையாகவே நல்லது. மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. ரிலேயைக் கணினி இயக்கும் வண்டிகளில் பல்பை வைக்காதீர்கள். அங்கே மீட்டரும் ஸ்கேனரும் (வண்டிக் கணினியின் தகவலைப் படிக்கும் கருவி) போதும்.

8. ஸ்கேனரில் நேரடித் தகவல்

பி0705, பி0706, பி0707, பி0708 ஆகியவை ரேஞ்ச் சென்சார் சுற்றைச் சேர்ந்த பிழைக் குறியீடுகள். 07 சிக்னல் தாழ்ந்திருப்பதையும் 08 உயர்ந்திருப்பதையும் 06 பொருந்தாத மதிப்பு வருவதையும் குறிக்கும். பி0850 பார்க் நியூட்ரல் ஸ்விட்ச் உள்ளீட்டுச் சுற்று. குறியீடு ஒரு சுற்றைத்தான் சுட்டுகிறது. கனெக்டருக்குள் தண்ணீர் போனாலும், எலி வயரைக் கடித்தாலும் அதே குறியீடுதான் வரும்.

குறியீட்டைவிட நேரடித் தகவல் அதிகம் பேசும். சாவியை ஆன் செய்து, இன்ஜின் ஓடாமல், கியர் நிலை என்ற வரியைத் திரையில் வைத்துக்கொண்டு லீவரை மெதுவாக பார்க்கிலிருந்து கடைசி நிலை வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் லீவரும் திரையும் ஒன்றாக மாற வேண்டும். எல்லா நிலையும் ஒரே பக்கமாகப் பிந்தினால் நிலை பிசகு. ஒரே ஒரு நிலை மட்டும் காணாமல் போனால் காண்டாக்ட் தேய்வு. லீவரைத் தொடாமலே திரை தாவினால் கனெக்டர் அல்லது வயர்.

9. கனெக்டரும் வயரும்

ஸ்விட்சை அளக்குமுன் அதன் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். பச்சைப் படிவு இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கிளீனர் அடித்து, நன்றாக உலரவிட்டு, பின்கள் வளையாமலும் பின்னுக்குத் தள்ளப்படாமலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

உள்ளே சிவப்பு நிற எண்ணெய் இருந்தால் கதை வேறு. கியர்பாக்ஸ் ஆயில் தண்டின் சீல் வழியே கசிந்து ஸ்விட்சுக்குள் ஏறி, அங்கிருந்து கனெக்டர் வரை வந்திருக்கிறது. அந்த சீலை மாற்றாமல் ஸ்விட்சை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். ஸ்விட்சைக் கழற்றும் வேலையோடு சீலையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

பிறகு வயர் கட்டைக் கையால் அசைத்துக்கொண்டே திரையையோ மீட்டரையோ பாருங்கள். கட்டு வளையும் இடங்களிலும், கிளிப்பை விட்டு நழுவி சைலன்சர் பக்கம் சாய்ந்த இடங்களிலும் கவனம் வையுங்கள்.

10. ஸ்விட்சையே அளப்பது

சாவி ஆஃப். கனெக்டர் கழற்றியிருக்கிறது. ஸ்விட்ச் பக்கப் பின்களில், படத்தில் ஸ்டார்ட் சுற்றுக்கு உரிய இரண்டைத் தேர்ந்து மீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். முதலில் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டு மீட்டரின் சொந்தத் தடையைக் குறித்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிலும் நியூட்ரலிலும் 1 ஓமுக்குக் குறைவாக வர வேண்டும். மற்ற எல்லா நிலைகளிலும் சுற்று திறந்திருக்க வேண்டும். ரிவர்ஸ் விளக்குப் பின்களுக்கு இடையே ரிவர்ஸில் மட்டும் தொடர்பு வர வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் லீவரை ஐந்தாறு முறை போய் வரச் செய்து அளங்கள், ஏனென்றால் விட்டுவிட்டு வரும் பழுது முதல் தடவையிலேயே தலை காட்டாது.

ஓம் கணக்கு நன்றாக வந்தும் சந்தேகம் தீரவில்லையா? கனெக்டரைத் திரும்ப மாட்டி, ஓடும் சுற்றிலேயே வோல்ட் இழப்பை அளங்கள். வயர் நுழையும் பின்பக்கம் வழியாக மெல்லிய முனையைச் செருகி, ஸ்விட்சின் உள்வரும் பின்னுக்கும் வெளிப்போகும் பின்னுக்கும் இடையே மீட்டரை வைத்து, ரிலே பொருத்திய நிலையில் சாவியைத் திருகச் சொல்லுங்கள். மீட்டர் வயர்களை நீட்டி வெளியே கொண்டுவந்து, நீங்களும் வெளியே இருந்து படியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல ஸ்விட்ச். 12 வோல்ட் வந்தால் முழுக்க அறுந்தது. நடுவில் 2, 3 என்று வந்தால் காண்டாக்ட் கருகியிருக்கிறது. ஓம் சோதனையில் தப்பித்த ஸ்விட்ச் இதில் சிக்கும், ஏனென்றால் மீட்டர் அனுப்பும் சில மில்லி ஆம்பியர் வேறு, ரிலே காயில் இழுக்கும் கரண்ட் வேறு.

கணினிக்கு மட்டும் சிக்னல் அனுப்பும் சென்சார் வகைகளில் இந்த ஓம் கணக்கு பொருந்தாது. சில வகைகள் நாலு வயர்களில் திறந்தும் மூடியும் ஒரு சங்கேதமாகச் சொல்லும்; சில வகைகள் மாறும் வோல்ட்டாகச் சொல்லும். மேனுவலில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

11. ஜம்பர் வயர்: ஊர்ஜிதத்துக்கு மட்டும்

ஸ்விட்ச் ரிலே காயில் சுற்றில் நேரடியாக இருக்கும் வண்டியில், 3 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள ஜம்பரால் கனெக்டரின் வயர் பக்கத்தில் அந்த இரண்டு முனைகளையும் இணைத்து, லீவர் பார்க்கில் இருக்க, அடியில் யாரும் இல்லாமல், பிரேக்கை மிதித்துத் திருகுங்கள். எடுத்தால் ஸ்விட்ச்தான் குற்றவாளி. ரிலே இல்லாத பழைய வண்டிகளில் சொலினாய்டின் முழுக் கரண்டும் ஸ்விட்ச் வழியே போகும். அங்கே இந்த ஃபியூஸ் உடனே எரிந்துவிடும், எனவே அந்த வகைக்கு வோல்ட் இழப்புச் சோதனையே போதும்.

சோதனை முடிந்ததும் ஜம்பரை எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டு ஓட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். டிரைவில் விட்டுவிட்டுப் போன வண்டியில் அடுத்து ஏறுபவர் சாவியைத் திருகியதும் வண்டி முன்னால் பாயும். முன்னால் யார் நிற்கிறார்கள் என்று வண்டிக்குத் தெரியாது.

12. நிலையைச் சரிக்கட்டுதல்

ஸ்விட்ச் நல்லது, இடம்தான் பிசகியது என்றால் புதியது வாங்க வேண்டாம். ஸ்விட்சின் போல்ட் துளைகள் நீள்வட்டமாக இருந்தால் அதைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

முதலில் இப்போதைய நிலையைச் சுற்றிக் கம்பியால் கீறி அடையாளம் வையுங்கள். தண்டை பார்க்கின் கடைசி வரை தள்ளி, அங்கிருந்து இரண்டு பள்ளம் பின்னுக்குக் கொண்டுவந்தால் நியூட்ரல். இரண்டு போல்ட்டையும் ஸ்விட்ச் திரும்பும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். பல ஸ்விட்சுகளில் நியூட்ரல் கோடும் அதோடு சேர வேண்டிய வெட்டும் இருக்கும். சிலவற்றில் இரு துளைகள் நேராக வந்ததும் ஊசி செருகும் ஏற்பாடு இருக்கும். ஊசியின் விட்டம் மாடலுக்கு மாடல் மாறும். கோட்டை நேராகப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடு தள்ளித் தெரியும்.

அடையாளமே இல்லாத ஸ்விட்சுக்கு மீட்டர்தான் கண். நியூட்ரலில், ஸ்டார்ட் பின்களில் கண்டின்யூட்டி ஒலியை (சுற்று முழுமையானால் மீட்டர் எழுப்பும் பீப்) வைத்துக்கொண்டு ஸ்விட்சை ஒரு பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ஒலி நிற்கும் இடத்தைக் குறியுங்கள். மறுபக்கம் திருப்பி, அங்கே நிற்கும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் வைத்து போல்ட்டை முறுக்குங்கள். ஒலி வந்த முதல் இடத்திலேயே முறுக்கிவிடுவதுதான் வழக்கமான பிழை. அன்றைக்கு ஸ்டார்ட் ஆகும். இன்ஜின் அதிர்விலும் வெப்பத்திலும் கொஞ்சம் அசைந்ததும் மறுபடி நின்றுவிடும்.

முறுக்கும்போது ஸ்விட்ச் போல்ட்டோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். கையால் பிடித்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறி முறுக்குங்கள். விசை பல வண்டிகளில் 5 முதல் 13 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். அலுமினிய மரை சீக்கிரம் பிய்ந்துபோகும் என்பதால் உங்கள் மேனுவலின் எண்ணையே பின்பற்றுங்கள்.

13. ஸ்விட்சை மாற்றுதல்

வரிசை முக்கியம்: கட்டை, ஹேண்ட் பிரேக், சாவியை ஆன் செய்து லீவரை நியூட்ரலுக்கு மாற்றுதல், சாவி ஆஃப், அதற்குப் பிறகே பேட்டரி நெகட்டிவைக் கழற்றுதல். பேட்டரியை முதலில் கழற்றினால் ஷிப்ட் லாக் விடாமல் லீவர் பார்க்கிலேயே நின்றுவிடும்.

கேபிள் முனையைக் கழற்றுங்கள். அடுத்து, தண்டுக் கையைப் பிடித்திருக்கும் நட். இதைத் தளர்த்தும்போது கையை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் முறுக்கினால் அத்தனை விசையும் தண்டின் வழியே உள்ளே போய் நிலைப் பள்ளத் தகட்டை வளைத்துவிடும். அதைச் சரிசெய்யக் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டியிருக்கும். நட்டுக்குக் கீழே மடித்து வைத்த லாக் வாஷர் இருந்தால் மடிப்பை முதலில் நிமிர்த்துங்கள்.

போல்ட்டுகளை எடுத்து ஸ்விட்சை நேராக இழுங்கள். துருவால் பிடித்திருந்தால் துரு நீக்கி அடித்துக் காத்திருங்கள். நெம்பினால் உடைந்த துண்டு தண்டிலேயே நிற்கும். வெளியே நீட்டியிருக்கும் தண்டை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, தூள் சீல் பக்கம் போகாமல் துடையுங்கள். துருவின் மேல் புது ஸ்விட்சைத் தட்டி ஏற்றினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சுழலி விரிந்துவிடும்.

புது ஸ்விட்ச் பெரும்பாலும் நியூட்ரல் நிலையில் வைத்தே வரும். சிலவற்றில் அதைப் பிடித்திருக்க ஒரு பிளாஸ்டிக் முளை இருக்கும். ஆர்வத்தில் விரலால் சுழற்றிப் பார்க்காதீர்கள். தண்டின் தட்டையான பக்கம் பொருந்தும்படி தள்ளி, போல்ட்டை விரலால் மட்டும் ஏற்றி, 12-ஆம் படியில் சொன்னபடி நிலைப்படுத்தி முறுக்குங்கள். லாக் வாஷர் புதியது போட்டு மடியுங்கள். கனெக்டரின் ரப்பர் சீலில் கொஞ்சம் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி, கிளிக் சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

14. வேலை முடிந்ததா என்று சோதிப்பது

பேட்டரியை மாட்டி, பிழைக் குறியீடுகளை அழித்து, மேனுவல் கேட்டால் நிலையைக் கற்றுக்கொடுக்கும் செயல்முறையையும் ஸ்கேனரில் செய்யுங்கள். பார்க்கில் பத்து முறை, நியூட்ரலில் பத்து முறை ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை முழுதாக மிதித்து, கட்டைகள் இருக்கும்போதே ரிவர்ஸ், டிரைவ், மற்ற தாழ்ந்த கியர் நிலைகள் ஒவ்வொன்றிலும் சாவியைத் திருகுங்கள். எதிலும் செல்ஃப் எடுக்கக் கூடாது. ஸ்டார்ட் ஆகிவிட்ட மகிழ்ச்சியில் பலர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். இந்த ஸ்விட்ச் இருப்பதே இந்தப் பாதிக்காகத்தான்.

ரிவர்ஸ் விளக்கு ரிவர்ஸில் மட்டும் எரிகிறதா, டாஷ்போர்டு எழுத்து லீவரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு முழுச் சோதனையையும் இன்னொரு முறை செய்யுங்கள். குளிரில் சேர்ந்திருந்து சூட்டில் பிரியும் காண்டாக்ட் அப்போதுதான் பிடிபடும்.

சில வாரத்தில் அதே பழுது திரும்ப வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஸ்விட்ச் போல்ட்டில் கீறிய அடையாளம் நகர்ந்திருக்கிறதா, கனெக்டரில் ஆயில் ஏறியிருக்கிறதா, கேபிள் புஷ்ஷை மாற்றாமல் விட்டோமா. அடியில் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு வந்திருந்தால் கனெக்டரின் ரப்பர் சீல்தான் முதல் சந்தேகம்.